மாலைதீவுக் கடலும் ஒரு மருத்துவப் படிவமும்

விடுமுறை என்றால் ஊருக்குப் போவது என்ற வழக்கம் நம்மவரிடையே மெல்ல மாறி வருகின்றது. ஊரில் இருந்த பெரியவர்கள் ஒருவர்பின் ஒருவராக மறைந்துவிட்டனர். பிள்ளைகளோ தாம் போக விரும்பும் இடத்தைத் தாமே தெரிந்தெடுக்கும் வயதை அடைந்துவிட்டனர். அவ்வாறு அவர்கள் தெரிந்தெடுக்கும் இடங்களுள் ஒன்று மாலைதீவு. அங்குள்ள சிறு தீவுகளில் தங்கி, முதுகிலே காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கி முருகைக்கற்பாறைகளையும் மீன்களையும் பார்த்து வருவது இளைஞருக்குப் பெருவிருப்பம். பெற்றோரும் கூடவே போகின்றனர். ஐம்பதும் அறுபதும் கடந்தவர்களும் இறங்கிப் பார்க்க ஆசைப்படுகின்றனர். ஆசை நல்லதே. ஆயினும் அதற்கு முன்னர் அறிந்துகொள்ள வேண்டியன சில உண்டு. 2023ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் இலண்டனிலிருந்து சென்ற ஒரு குடும்பத்தின் அனுபவம் அவற்றை நன்கு விளக்கும்.

மாலைதீவு நமக்குப் புதிய இடமன்று. முதலாம் இராசராச சோழனின் கல்வெட்டுகளிலே கூறப்படும் பழந்தீவு பன்னீராயிரம் என்பது இத்தீவுகளே என வரலாற்றாசிரியர் கருதுவர். இலங்கைச் சமையலறைகளில் தலைமுறை தலைமுறையாக இடம்பெற்ற மாசி அங்கிருந்து வந்ததே. நமது தோணி அவர்களுக்கும் தோணிதான். அவர்களது திவேகி மொழியிலுள்ள அதொளு என்ற சொல்லே ஆங்கிலத்தில் அற்றோல் ஆயிற்று. கடலடியில் அமிழ்ந்துபோன மலைகளைச் சுற்றி முருகைக்கற்கள் வளர்ந்து உண்டாகிய வளையங்கள் இவை என்று சார்ள்ஸ் டார்வின் 1842இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். தீவுகள் ஏறத்தாழ 1,200. மக்கள் குடியிருப்பவை அவற்றுள் 200 அளவிலேதான். நிலத்தின் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து ஒரு மீற்றர் உயரந்தானும் இல்லை. உல்லாசப் பயணிகளுக்கான முதல் விடுதி 1972இல் திறக்கப்பட்டது. ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்பதே அன்று தொட்டு அங்கு பெருவழக்கு.

மேற்கூறிய குடும்பம் சென்றது அரி அற்றோலில் உள்ள ஒரு சிறு தீவுக்கு. கரையோரமாக நடந்தால் பத்து நிமிடத்தில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். நடுவிலே தென்னையும் தாழையும், சுற்றிலும் வெண்மணல், அதற்கப்பால் முழங்காலளவு தொடங்கி ஆளுயரம் வரை தெளிந்த நீர், அதன் விளிம்பில் பாறை திடீரென இருண்ட நீலத்துக்குள் இறங்கிவிடும். குடிநீர் கடல்நீரைச் சுத்திகரித்துப் பெறப்படுவது. மின்சாரம் பின்புறத்தில் இரைந்துகொண்டிருக்கும் இயந்திரத்தின் உபயம். காலை உணவுக்கு மாசும் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் மிளகாயும் எலுமிச்சம் புளியும் சேர்த்துப் பிசைந்த மஸ்ஹுனியும் ரொட்டியும் வைப்பார்கள். "இது எங்கட சம்பல்தானே" என்று அம்மையார் முதல்நாளே சமையற்காரரோடு சிநேகமாகிவிட்டார். வெள்ளிக்கிழமை அவருக்காக மீன் சேர்க்காமல் அதையே பிசைந்து கொடுத்தார் அந்த மனிதர்.

குடும்பத் தலைவருக்கு வயது 59. கணக்காளர். கீரிமலைக் கேணியில் குதித்து நீந்தப் பழகியவர். முப்பது வருடங்களாக மற்றவர்களின் வரிப் படிவங்களை நிரப்பிக் கொடுப்பதே அவர் தொழில். மகனுக்கு 24. பல்கலைக்கழகக் கழகத்தில் சேர்ந்து ஆழ்கடல் முழுக்குப் பழகிச் சான்றிதழும் பெற்றவன். தந்தையை ஒருமுறையாவது தன்னோடு கடலுக்குள் அழைத்துச் செல்ல வேண்டும் என்பது அவனது நெடுநாள் ஆசை. புதியவர்களுக்கென ஆழங்குறைந்த அறிமுக முழுக்கு ஒன்று உண்டு. ஆசிரியர் பக்கத்திலேயே இருப்பார். 12 மீற்றருக்குக் கீழே கொண்டுசெல்ல மாட்டார். அதற்குத்தான் இருவரும் பதிந்திருந்தனர்.

திங்கட்கிழமை காலை முழுக்கு நிலையத்தில் ஒரு படிவம் கொடுக்கப்பட்டது. இதய நோய் உண்டா, ஈளை உண்டா, நீரிழிவு உண்டா, காதில் அறுவைச் சிகிச்சை நடந்ததா, இரத்த அழுத்தம் உண்டா அல்லது அதற்கு மருந்து எடுக்கிறீர்களா என்று வரிசையாகக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை. முக்கியமான கேள்வி ஒன்றுக்கு ஆம் என்றாலும் வைத்தியரின் கையொப்பம் இல்லாமல் இறங்க முடியாது.

கணக்காளரின் பேனா இரத்த அழுத்தக் கேள்வியில் வந்து நின்றுவிட்டது. எட்டு வருடங்களாக அவருக்கு அந்த வருத்தம் உண்டு. தினமும் ஒரு குளிசை. ஜனவரி 31ஆம் திகதி வரிக் கணக்குகளுக்குக் கடைசி நாள் என்பதால் அதற்கு முந்திய வாரங்களில் குளிசையை எடுத்த நாளிலும் மறந்த நாளே அதிகம். "சின்னப் பிறஷர்தானே. இதுக்குப் போய் ஆம் எண்டு போட்டால் ஒரு வருசமாய்ப் பார்த்திருந்தது எல்லாம் வீணாய்ப் போகும்" என்றார் தாழ்ந்த குரலில்.

அம்மையார் படிவத்தை எட்டிப் பார்த்தார். "இஞ்சாருங்கோ, வரிக் கந்தோருக்குப் பொய் எழுத வேண்டாமெண்டு சனத்துக்குச் சொல்லுறனீங்கள். கடலுக்குப் பொய் எழுதலாமோ?"

அவர் பதில் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து ஆம் என்ற கட்டத்தில் அடையாளமிட்டார்.

இந்தப் படிவம் வெறும் சம்பிரதாயம் அன்று என்பதைச் சற்று விளக்க வேண்டும். தரையில் நம்மீது காற்றின் அழுத்தம் ஒரு மடங்கு. கடலில் ஒவ்வொரு 10 மீற்றர் இறங்கும்போதும் மேலும் ஒரு மடங்கு கூடும். 10 மீற்றரில் இரண்டு மடங்கு. 30 மீற்றரில் நான்கு மடங்கு. உல்லாசத்துக்காக முழுகுவோர் 30 மீற்றருக்குக் கீழே செல்லலாகாது என்பது மாலைதீவின் சட்டம். சிலிண்டரில் இருப்பது தனி ஒட்சிசன் எனப் பலர் எண்ணுகின்றனர். அது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றே, நெருக்கி அடைக்கப்பட்டது. அதில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன். அழுத்தம் கூடக்கூட அந்த நைதரசன் இரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்து சேரும். மெதுவாக மேலே வந்தால் அது வந்த வழியே மூச்சோடு வெளியேறிவிடும். விரைந்து வந்தால் சோடாப் போத்தலைத் திறந்தாற்போலக் குமிழிகள் உண்டாகி மூட்டுகளில் வலியும், சிலவேளை முள்ளந்தண்டிலும் மூளையிலும் பாதிப்பும் ஏற்படும். பிரெஞ்சு அறிஞர் போல் பேர்ட் 1878இல் இதன் காரணத்தைக் காட்டினார். ஸ்கொட்லாந்து அறிஞர் ஹோல்டேன் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, படிப்படியாக மேலே வரும் முறையை 1908இல் வெளியிட்டார். இன்று முழுகுவோர் மணிக்கட்டில் கட்டியிருக்கும் சிறு கணினிகள் அவர் வகுத்த வழியில் வந்தவையே.

இதயத்துக்கும் ஒரு சோதனை உண்டு. கழுத்தளவு நீரில் நின்றாலே போதும். கால்களில் தங்கியிருந்த இரத்தத்தில் ஏறத்தாழ 700 மில்லிலீற்றர் நெஞ்சறைக்குள் தள்ளப்படும். வலிய இதயம் அதைச் சமாளிக்கும். நெடுநாள் அழுத்தத்தால் விறைத்துப்போன இதயம் திணறும். நுரையீரலில் நீர் கோர்த்து மூச்சு முட்டலாம். தரையில் மூச்சு முட்டினால் கதிரையில் உட்காரலாம். கடலடியில் அது இயலாது. அவசரமாக மேலே வந்தாலோ முன் சொன்ன குமிழி ஆபத்து. முழுக்கின்போது இறப்போரில், சிறப்பாக வயது கூடியோரில், கணிசமானோர் இதயக் கோளாறினால் இறக்கின்றனர், சுறாவினால் அல்ல. நம்மவர் இதில் கூடுதலாகக் கவனங்கொள்ள வேண்டும். 52 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வின்படி, 2007இல் வெளியான கணக்கில், முதல் மாரடைப்பு ஏற்படும் சராசரி வயது தெற்காசியரில் 53. ஏனையோரில் ஏறத்தாழ 59.

அன்று பிற்பகல் பக்கத்துத் தீவிலிருந்த வைத்தியரிடம் தோணியில் சென்றனர். இந்தியாவிலிருந்து வந்து பணிபுரியும் இளம் டொக்டர். இரண்டு கைகளிலும் அளந்தார். பத்து நிமிடம் இருத்திவைத்து மீண்டும் அளந்தார். 168க்கு 102. "மன்னிக்க வேண்டும், ஐயா. கையொப்பமிட மாட்டேன்" என்றார். குளிசையை இன்றே ஒழுங்காகத் தொடங்கவும், ஊர் திரும்பியதும் இதயத்தைப் பரிசோதிக்கவும் எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது தோணியில் ஒருவரும் கதைக்கவில்லை. இரவு உணவின்போது கணக்காளர், "முப்பது வருசம் ஒரு நாள் வருத்தமெண்டு படுத்ததில்லை. ஒரு துண்டுக் கடதாசி என்னைக் கிழவனாக்கிப் போட்டுது" என்றார். மகன் தானும் முழுகப் போகவில்லை என்றான். அதற்கு அவர் கோபப்பட்டார். "இவ்வளவு காசு கட்டி இஞ்ச கூட்டிக்கொண்டு வந்தது ரெண்டு பேரும் மணலில இருக்கவோ? நீ போ" என்றார். அவன் செவ்வாயும் புதனும் ஆசிரியரோடு போய் வந்தான். வந்ததும் ஆமையைக் கண்டதையும் சுறாவைக் கண்டதையும் சொல்லத் தொடங்கி, தந்தையின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திவிடுவான்.

முன்னாளில் மன்னார்க் கடலிலே நம்மவர் முத்துக் குளித்தனர். சிலிண்டர் இல்லை, கணினி இல்லை. காலிலே கல்லைக் கொளுவிக்கொண்டு மூச்சடக்கி இறங்குவார்கள். 1905ஆம் ஆண்டுச் சலாபம் இலங்கையில் நடந்தவற்றுள் மிகப் பெரியது. அந்தச் சலாபங்களிலே இரண்டு பேர் இல்லாமல் எந்த முழுக்கும் இல்லை. ஒருவர் கடல்கட்டி, சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்பவர். அவர் சொல்லாமல் எவரும் இறங்கமாட்டார். மற்றவர் வள்ளத்தில் நின்று கயிறு பிடிப்பவர். கீழே போனவர் கயிற்றைச் சுண்டியதும் அவரைத் தூக்கி எடுப்பது இவர் பொறுப்பு. கீழே போனவரின் உயிர் இவர் கவனத்தில்தான் இருந்தது. சிப்பி எடுப்பவரைப் போலவே கயிறு பிடிப்பவரும் முத்துக் குளிப்பவர்தான். இன்று கடல்கட்டிக்குப் பதிலாகப் படிவம் வந்துவிட்டது. கயிறு பிடிப்பவரின் வேலை ஒழிந்துவிட்டதா என்பதை அந்தக் குடும்பம் அவ்வாரத்திலேயே கண்டது.

வியாழக்கிழமை டொக்டர் மீண்டும் அளந்தபோது 150க்கு 92 எனக் குறைந்திருந்தது. முழுக முடியாது, ஆனால் அலையற்ற பக்கத்தில், மிதவை அங்கி அணிந்து, ஒருவர் துணையோடு, களைக்காமல் மிதந்து பார்க்கலாம் என்றார். முழுக்கு ஆசிரியர் அவ்வூர் இளைஞர். மீனவர் குடும்பத்தில் பிறந்தவர். விடயத்தைப் புரிந்துகொண்டு ஓர் ஒழுங்கு செய்தார். அன்று பிற்பகல் மகனும் அவரும் தீவின் ஓரப் பாறையிலேயே முழுகுவது. தந்தை உதவியாளர் ஒருவரோடு மூச்சுக்குழாயும் கண்ணாடியும் அணிந்து மேலே மிதந்து வருவது.

மேலே மிதப்பவருக்கும் கடல் வஞ்சகம் செய்வதில்லை. ஒளி நிறைந்திருப்பது மேற்புறத்தில்தான். ஆழத்தில் சிவப்பு நிறம் மங்கிவிடும். முகத்தை நீருக்குள் வைத்ததும் காதில் கறுக்முறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. பச்சையும் ஊதாவுமான கிளிமீன்கள் பாறையைக் கொறிக்கும் சத்தம். அவை அரைத்துக் கழிப்பதே மணலாகின்றது. மாலைதீவின் ஒரு தீவில் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாக உண்டாகும் மணலில் 85 சதவீதத்துக்கும் மேல் இம்மீன்களின் ஆக்கம் எனக் கண்டனர். பாறையில் சில இடங்கள் எலும்புபோல் வெளுத்தும் கிடந்தன. 1998இலும் 2016இலும் கடல் சூடேறியபோது ஆழமற்ற இடங்களில் முருகைகள் பெருமளவில் மடிந்தன. அவற்றின்மேல் விரலளவான புதுக் கிளைகள் சில முளைத்திருந்தன.

அரை மணி கழிந்தது. கீழே நீல இருளில் இரண்டு உருவங்கள் தெரிந்தன. அவை மெதுவாக மேலெழுந்து ஐந்து மீற்றர் ஆழத்தில் நின்றுவிட்டன. முழுகியவர் மேலே வருமுன் அங்கே மூன்று நிமிடம் தரித்து நின்று நைதரசனைக் கழிக்க வேண்டும் என்பது விதி. மகன் நிமிர்ந்து பார்த்தான். மேலே தந்தை, கீழே மகன், நடுவே ஐந்து மீற்றர் தண்ணீர். மூன்று நிமிடமும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடியே இருந்தனர். மகன் விட்ட மூச்சுக் குமிழிகளாக எழுந்து தந்தையின் முகத்தருகே வந்து உடைந்துகொண்டிருந்தது. அம்மையார் இறங்குதுறையில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றிரவு மகன் தடையின்றிக் கதைத்தான். தந்தையும் கிளிமீன் கதையைச் சொன்னார்.

மறுநாள் வெள்ளி. சனிக்கிழமை காலை 9 மணிக்குக் கடல்விமானத்தில் புறப்பட்டு, மாலேக்கு அருகிலுள்ள நிலையத்தில் மதியம் 12 மணி விமானத்தைப் பிடிக்க வேண்டும். வெள்ளி பிற்பகல் மன்ரா எனும் பெருந்திருக்கைகள் வரும் இடத்துக்கு வேறு விருந்தினர் சிலர் போகவிருந்தனர். மகனும் போக விரும்பினான். தரைக்கு வந்தபின்பும் உடலில் நைதரசன் எஞ்சியிருக்கும். உயரே பறந்தால் காற்றழுத்தம் குறைந்து அது குமிழியாகலாம். பல நாள் முழுகியவர் குறைந்தது 18 மணித்தியாலமாவது கழித்தே பறக்க வேண்டும். 24 மணித்தியாலம் என்பது அந்த நிலையத்தின் விதி.

"நாலு மணிக்கு மேல வந்திடுவன், அப்பா. மத்தியானப் பிளேனுக்கு இருபது மணித்தியாலம் இருக்கு. பதினெட்டே போதும். கேட்டால் சமாளிக்கலாம்" என்றான் மகன்.

கணக்காளர் விரல்விட்டு எண்ணினார். "ஒன்பது மணிக்கு ஏறுற குட்டிப் பிளேனும் பிளேன்தானே? பதினேழுதான் வருது. உன்ர பதினெட்டும் இல்லை. அவையின்ர இருபத்துநாலும் இல்லை."

"அது பதிவாய்த்தான் பறக்கும், அப்பா. ஒரு தரந்தானே."

"நானும் ஒரு தரந்தான் எண்டு நினைச்சனான். பிறகு ஆம் எண்டுதான் எழுதினனான்."

மகன் அதற்கு மேல் பேசவில்லை. மன்ராக்களைப் பார்க்கப் போகவும் இல்லை. முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தான். பொழுதுசாய்ந்தபின் தாயும் தந்தையும் அவனுமாகத் தீவை மூன்று தரம் சுற்றி நடந்தனர். மூன்றாம் சுற்றில் அவனும் சிரித்தான்.

திங்களன்று அந்தப் படிவத்தில் இல்லை என்று எழுதியிருந்தால் தந்தை அன்றே மகனோடு முழுகியிருக்கலாம். ஒன்றும் நடவாமலும் போயிருக்கலாம். முழுகுவோரில் மிகப் பெரும்பாலோர் பத்திரமாகவே திரும்புகின்றனர். ஆனால் வெள்ளியன்று மகனைத் தடுக்க அவரிடம் ஒரு சொல் இருந்திராது. கயிறு பிடிக்க ஆள் இருந்திராது.

இலண்டன் திரும்பியபின் பரிசோதனைகள் நடந்தன. இரத்தக் குழாயில் அடைப்புக்கான அறிகுறி இல்லை. ஆனால் இதயத்தின் இடது கீழறைச் சுவர் அழுத்தத்தால் தடித்திருந்தது. இரண்டாவது குளிசை ஒன்று சேர்க்கப்பட்டது. உப்பும் உடம்பும் குறைந்தன. இத்தகைய தடிப்பு அழுத்தம் நன்கு கட்டுப்பட்டால் காலப்போக்கில் குறையக்கூடியது. முழுக்குக்கான கையொப்பம் அவருக்கு இன்னும் கிடைக்கவில்லை. அவரும் அவசரப்படுத்தவில்லை.

இத்தகைய தீவுகளுக்குப் போக எண்ணுவோருக்குச் சில வார்த்தைகள். நாற்பத்தைந்து கடந்தவர்கள் பணம் கட்டுமுன் தமது வைத்தியரிடம் முழுக்கு விருப்பத்தைச் சொல்லுங்கள். படிவத்தை முன்கூட்டியே பெற்றுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஊரில் கிடைக்கும் பரிசோதனை தீவில் கிடைக்காது. இரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இருந்து, இதயமும் நன்றாக இருந்தால் பலருக்கு அனுமதி கிடைக்கும். தடிமன் பிடித்திருக்கும்போது இறங்க வேண்டாம், காது தாங்காது. மூச்சுக்குழாயோடு மிதப்பவரும் தனியே போகலாகாது. பாறையில் கால் ஊன்ற வேண்டாம். நமக்குக் கல், அதற்கு உயிர். கடைசி முழுக்குக்கும் முதல் விமானத்துக்கும் இடைப்பட்ட மணித்தியாலங்களை வீட்டிலே எண்ணிப் பாருங்கள். கடல்விமானத்தையும் சேர்த்தே எண்ணுங்கள். குளிசைகளைப் பெரிய பெட்டியில் வைக்காமல் கைப்பையிலே வைத்துக்கொள்ளுங்கள், மறவாமல் எடுங்கள்.